மைக்கில் கேட்ட அழுகை

மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்த, இடப்பள்ளிக்குப் போய் ஆசை ஆசையாய் ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். மெல்லிய ஓசையைக்கூட விடாதாம். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், உங்க வீட்ல யாரோ அழுறாங்களா?”

“பக்கத்து குடோன்ல பூனை கத்துதுடீ” என்று சிரித்தேன்.

பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரலுக்குப் பின்னால், அடுக்களையில் உம்மா அழுதுகொண்டிருந்தாள். வாப்பா இறந்தபின் என் எதிரில் அவள் அழுததே இல்லை.

“ஏன் உம்மா, இப்படி ஒளிஞ்சு அழுறீங்க?”

“கிளாஸ் நேரத்துலதானே மோளே, நீ கதவைத் தொறக்க மாட்டே.”

பிள்ளைகள் காதில் விழக் கூடாதென்று, அருகில் பேசுவதை மட்டும் எடுக்கும் வேறு மைக்குக்கு மாறினேன். இனி உம்மா அழுதால், எந்த மாணவியும் எனக்குச் சொல்லப்போவதில்லை.