சாயத் துப்பாக்கியின் ரப்பர் வளையம்

ஒரு கருவியைச் சரிசெய்யத் தெரிந்தவள், அதைப் பழுதாகவே விட்டுவைப்பது எப்போது கடமையாகிறது? இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடையில், செந்துறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் சாயத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கேள்வி என்மேல் வந்து விழுந்தது.

பணம் கட்டி ஒருவரையொருவர் சாயக் குண்டால் சுட்டு விளையாடும் மைதானம் ஒன்றில், துபாயில், அண்ணன் வேலை பார்த்தான். திரும்பி வரும்போது அங்கே கழித்துப் போட்ட பழைய துப்பாக்கி ஒன்றையும் சில டப்பா குண்டுகளையும் கொண்டுவந்தான். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால் ஒரு குண்டு குழலுக்குள் இறங்கும்; விசையை அழுத்தினால் வாயு அதை வெளியே தள்ளும். அதன் குப்பியில் வாயுவை அரியலூரில் ஒரு சோடா கம்பெனியில் நிரப்பிக்கொண்டான். முந்திரித் தோப்புக்கு வரும் குரங்குகளை விரட்டத்தான் என்றான். நம்பினேன்.

சில நாள்களிலேயே அது மக்கர் செய்தது. நான் பெரம்பலூரில் இயற்பியல் படித்தவள் என்பதால், மோட்டார் ஸ்டார்ட்டர் முதல் மிக்சி வரை வீட்டில் எது கெட்டாலும் என்னிடம் வரும். இதுவும் வந்தது.

குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே உடைந்தது. மருந்துக் கேப்சூலின் தோல் போன்றதுதான் அதன் உறை. அண்ணன் குண்டுகளைத் தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் வைத்திருந்ததால், வெயிலில் இளகி உப்பியிருந்தன. முதலில் உடைந்ததன் சாயம் குழலில் ஒட்டிக் காய்ந்து, பின்னால் வந்தவற்றையும் உடைத்தது. குழலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கயிற்றில் கட்டிய பழைய பனியன் துணியை உள்ளே விட்டு, துணி நிறம் ஏறாமல் வரும் வரை இழுத்தேன். வாயுவும் கசிந்துகொண்டிருந்தது. குப்பியைத் திருகும் இடத்திலிருந்த ரப்பர் வளையத்துக்கு அவன் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தான். அது ஊதி, மண் ஒட்டி, ஓரத்தில் கிழிந்திருந்தது. மாற்று வளையம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பொருத்தினேன். கசிவு நின்றது.

குழலை மாட்டுவதற்குள் வாசலில் குரல் கேட்டது. எங்கள் தோப்பில் பல வருடமாகக் கொட்டை பறிக்கும் அக்கா. திரும்பி நின்று முதுகைக் காட்டினார். துப்பாக்கி மக்கர் செய்வதற்குச் சற்று முன் பட்டது; புடவையில் ஆரஞ்சுச் சாயம் அப்பியிருந்தது. இன்னொரு குண்டு பட்டு, காதுக்குக் கீழே கழுத்து கன்றிப்போயிருந்தது.

அறுவடை முடிந்த தோப்பில், சருகுக்குள் தப்பிக் கிடக்கும் கொட்டையை, வேலைக்கு வந்த பெண்களே பொறுக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அனுமதி கேட்பதுமில்லை, தடுப்பதுமில்லை.

"கொரங்குன்னு நெனச்சு சுட்டியா தம்பி, ஆளுன்னு தெரிஞ்சேவா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தெரிஞ்சுதான். கொட்டைய எடுத்தது யாருன்னு தெருவுல நாலு பேருக்குத் தெரியணும்ல."

"மாட்டுக்குச் சூடு போடற மாதிரி போட்டுட்டே. கொம்பு ஒண்ணுதான் எனக்கு இல்ல."

அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். "சாயம்தானேம்மா, தொவைச்சா போயிடும்."

"கழுத்தத் தொவைக்க முடியுங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "சரியாயிடுச்சா? ஸ்பிரிங்க இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடு புள்ள. தூரத்துலேருந்தே படணும்."

"அங்க முகமூடி இல்லாம ஒருத்தரையும் உள்ள விடமாட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"அது அங்க. இவளுங்க குனிஞ்சுகிட்டுதானே பொறுக்கறாளுங்க. கண்ணுல எங்க படப்போவுது?"

குனிந்திருப்பவர் நிமிரவே மாட்டார் என்று என் கூடப்பிறந்தவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பணம் கட்டி விளையாட வருபவனின் கண்ணைக் காக்க விதி உண்டு; எங்கள் தோப்பில் வேலை செய்பவரின் கண்ணுக்கு அது தேவையில்லை. இன்றும் அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. காதுக்குக் கீழே பட்டது சற்றுத் தள்ளிப் பட்டிருந்தால்? குழல் சுத்தமாக இருந்தால் குண்டு நேராகப் போகும். கசிவு இல்லையென்றால் வேகமாகப் போகும். என் வேலை எவ்வளவு நேர்த்தியோ, அடுத்த பெண்ணுக்கு அவ்வளவு ஆபத்து.

புது வளையத்தைக் கழற்றினேன். அவன் கண்ணெதிரிலேயே கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினேன்.

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?" என்று பாய்ந்து வந்தான்.

"படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்றார் அப்பா.

"இதுக்குத்தாம்ப்பா," என்றேன்.

அண்ணன் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டுப் பார்த்தான். குப்பியைத் திருகியதுமே வாயு முழுவதும் வெளியேறியது. குழலை என்மேல் வீசாத குறையாகத் தரையில் எறிந்துவிட்டுப் போனான். அந்த அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில் எங்கள் தோப்புக்குக் கொட்டை பறிக்க ஒருவரும் வரவில்லை. அப்பா தெருத் தெருவாகப் போய்க் கூப்பிட்டார். "வெயிலா இருக்குங்க" என்று எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். பக்கத்துத் தோப்புகளில் அதே வெயிலில் வேலை நடந்தது. எங்கள் கொட்டை மரத்தடியிலேயே கிடந்து, கோடை மழையில் நனைந்து கறுத்தது. கடைசியில் அப்பா அந்த அக்காவின் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி மன்னிப்புக் கேட்டார்.

இப்போது அறுவடை முடிந்ததும், பொறுக்க வருபவர்களுக்காகத் தோப்பின் வாசல் படலைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அண்ணன் துபாய்க்குத் திரும்பிப் போய்விட்டான். அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை.