பாவடியில் காய்ந்த கஞ்சி

நேற்று, நூலுக்குப் பசை ஏற்றும் என் சைசிங் மில்லில் கஞ்சி வாடை வந்ததும், மூன்றாம் வகுப்போடு நின்றும் நாலு மில்லுக்கு முதலாளியான என் தலை தானாகக் குனிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ராசிபுரத்துப் பாவடியில், இன்று பஸ் நிற்கிற அதே இடத்தில், விடியலில் தெருநீளத்துக்குத் தறிக்குப் போகும் பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவி, அது காயுமுன் எல்லோரும் சேர்ந்து பிரஷ் இழுக்க வேண்டும். புதுச்சேரியில் வேலை பார்த்துத் திரும்பிய பழனி மாமா இழுத்துக்கொண்டே, கடலுக்கடியில் கப்பல் விட்ட ஒரு பிரெஞ்சுக் கதைக்காரரைப் பற்றிச் சொல்வார்.

“நிலாவுக்கே ஆளை அனுப்பி எழுதிப்புட்டாரு சாமி!”

“போனவங்க திரும்புனாங்களா மாமா?” என்று ஒருநாள் நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பதிலுக்காக எல்லாக் கைகளும் நின்றன. கஞ்சி காய்ந்து இழைகள் ஒட்டிப் பாவே பாழானது.

“எவன்டா கதை கேட்டது?” என்றார் அப்பா.

“நான் கேக்கலீங்க, மாமாதான் சும்மா சொன்னாரு.”

மாமா என்னைப் பார்த்தார். “ஆமாங்க, என் தப்புதான்.”

அதன்பின் அவரை யாரும் பாவுக்குக் கூப்பிடவில்லை. பிழைப்பில்லாமல் ஊரைவிட்டே போனார்.

பிற்பாடு நிலாவில் மனிதன் இறங்கியதை மில் ரேடியோ சொன்னபோது, “எனக்கு இது சின்னதுலயே தெரியும்” என்று ஆட்களிடம் பெருமையடித்தேன். யார் சொன்னதென்று கேட்டார்கள். நானாகத் தெரிந்துகொண்டேன் என்றேன்.