தையல்காரரின் வலது கால்

கட்டுக்காரம்மா என்றால் அந்தக் கிறிஸ்தவ சபையில் தெரியாதவர் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லை. தம்பியைப் படிக்கவைத்து, போதகராக்கி, அவன் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டே வயசு ஓடிவிட்டது. வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவார். "திட்டிக்கிட்டேதான் கட்டுறாங்க, ஆனா வலிக்கவே மாட்டேங்குது" என்று நோயாளிகள் சிரிப்பார்கள்.

தம்பி பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுக்கு ஊழியம் போகிறேன் என்றபோது, "சட்டை மாத்தி சட்டை போட்டு படம் பிடிச்சிக்கிட்டு வருவீங்க, அதுக்கு நான் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தார். "அங்க கட்டுப் போட ஒரு ஆள் இல்லக்கா" என்றான் தம்பி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெட்டியைக் கட்டினார்.

போன இடம் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. தொழுநோய் வந்து, நோய் எப்போதோ குணமாகியும், வீட்டார் கூப்பிட்டுக்கொள்ளாத இருபத்திரண்டு பேர் அங்கே இருந்தார்கள். நோய் போனாலும் காலில் செத்த உணர்ச்சி திரும்பவில்லை. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. அவர்கள் பாஷையும் நம் பாஷையும் தெரிந்தவர் அந்த விடுதிச் சமையல்காரர் ஒருவர்தான். அவரே எல்லோருக்கும் வாய்.

அங்கே ஒரு தையல்காரர் இருந்தார். இடது காலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வலது காலால் மட்டும் மிஷினை மிதித்து, விடுதி முழுவதற்கும் துணி தைத்துக்கொடுப்பார். அந்தப் பாதத்தின் அடியில் ஒரு குழிப்புண். அதுவும் எட்டு மாதமாக ஆறாத புண். பத்து நாளில் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்த டாக்டர், மூடினால் கால் தப்பிக்கும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டுக்காரம்மா ஒன்பது நாள் அந்தக் காலை விடவில்லை. காலையும் மாலையும் அழுகலைச் சுரண்டி, மருந்து வைத்து, ஈரம் படாமல் கட்டினார். காலைக் கீழே ஊன்றினால் கட்டிலோடு கட்டிப் போடுவேன் என்று மிரட்டினார். சமையல்காரர் அதை மொழிபெயர்க்க, தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒன்பதாம் நாள் புண் சுண்டுவிரல் நகமளவுக்குச் சுருங்கியிருந்தது. அன்று கட்டுக்காரம்மா யாரையும் திட்டவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி வந்து நின்றான். "கடைசி நாளு பாதம் கழுவுற ஆராதனை வைக்கலாம்னு இருக்கோம்க்கா. ஆண்டவரே சீஷர்களோட காலைக் கழுவினாரே."

"அதெல்லாம் இங்க வேண்டாம்டா. முக்கியமா தையல்காரர் காலைத் தொட்ட, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"சரிக்கா. நீ வேண்டாம்னா வேண்டாம்."

மறுநாள் காலை அவர் மருந்தறையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். முதல் நாற்காலியில் தையல்காரர். ஒன்பது நாள் பாடுபட்டுப் போட்ட கட்டு தரையில் கிடந்தது. வலது கால் ஒரு பேசினில், கணுக்கால் வரை தண்ணீரில். குளிர் காலை ஆயிற்றே, பாவம், இதமாக இருக்கட்டும் என்று அடுப்பிலிருந்து இறக்கிய கெட்டிலை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். ஆவி பறந்தது. தம்பி மண்டியிட்டு, கண்ணை மூடி, உருகி உருகித் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் படம் பிடித்தார். தையல்காரர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட பாவிகளா!"

ஓடிப்போய்க் காலை வெளியே தூக்கினார். தண்ணீரில் பட்ட அவர் கை சுரீரென்றது. பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது. விரல்களில் தோல் வெந்து வழன்றது. தம்பியின் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தடித்த ரப்பர் உறை.

"கண்ணைத்தான் மூடிக்கிட்ட. கையையுமாடா மூடிக்கிட்ட? வெறுங்கையால தொட்டிருந்தா தண்ணி கொதிக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமேடா! உனக்கு ஒட்டிக்கும்னு பயம். அந்தப் பயத்தை வச்சிக்கிட்டு எதுக்குடா மண்டி போட்ட?"

"வேண்டாம்னு சொன்னதான், ஆனா அன்பாத்தான் செஞ்சோம்க்கா... ஜெபம் பண்ணுவோம்..."

"வாயை மூடு! பச்சத்தண்ணி கொண்டா!"

மத்தியானம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மறுநாள் மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். தம்பி மட்டும் போகவில்லை. அவன் பாஸ்போர்ட்டை அக்கா பிடுங்கி, தன் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். "சமைச்சவன் இருந்து சாப்பிடு" என்றார். மூன்று நாளும் அழுக்குத் துணி அலசியதும் மலச்சட்டி எடுத்ததும் அவன்தான், வெறுங்கையால்.

நாலாம் நாள் பாதம் கறுத்துவிட்டது. எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போ. நீயே போய்ச் சொல்லு" என்று தம்பியைக் கட்டில் பக்கம் தள்ளினார் கட்டுக்காரம்மா. பெற்ற பிள்ளைபோல வளர்த்தவன். அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

தம்பி தரையைப் பார்த்தபடி திக்கித் திணறிச் சொன்னான். தண்ணீர் கொதித்ததால்தான் இப்படி ஆயிற்று என்றும் சொன்னான். சமையல்காரர் மெதுவாக மாற்றிச் சொன்னார். தையல்காரர் திரும்பி மிஷினைப் பார்த்தார். பிறகு தம்பியின் கைகளைக் காட்டி என்னவோ கேட்டார்.

சமையல்காரர் தம்பியிடம் திரும்பினார். "அவ்வளவு சூட்டுல உங்க கை வெந்து போயிருக்குமே, ஐயா, இப்ப ஆறிடுச்சான்னு கேக்குறார்."

தம்பி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க" என்றார் கட்டுக்காரம்மா. "கையில உறை போட்டிருந்தாருன்னும் சொல்லுங்க."