உள்ளே வைத்த பொட்டு

அந்த ஆயுத பூஜை அன்று கடையில் இருந்தது மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். அண்ணி இல்லை, முதல் பிரசவத்துக்கு நெமிலிச்சேரியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவும் இல்லை. அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் போனதிலிருந்து அம்மா குங்குமச் சிமிழைத் தொட்டதில்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பின்வரிசையில் உட்காருவாள். தாம்பூலத் தட்டு வெளியே வருவதற்குள் எழுந்து வந்துவிடுவாள்.

ஆக, கடையில் பொட்டு வைக்க ஆள் இல்லை. நான்தான் சொன்னேன், "நீயே வைம்மா."

"நானா? கடை விளங்கறதுக்கா? போடா அப்பால."

"அதெல்லாம் யாரும்மா கட்டிவிட்டது? நீ வச்சா குங்குமம் கறுத்தா போயிடும்?"

அண்ணன் சிரித்தான். "படிச்சவன் சொல்றான் இல்ல, வைம்மா. சர்டிபிகேட்டு கையில வச்சிகினு கீறான். சாமியே வந்தாலும் எதுத்துப் பேச முடியாது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து, மேலே டிப்ளமோவும் படித்தவன் நான் ஒருவன்தான். அதற்கு முன்னால் யாருக்கும் கையெழுத்தைத் தாண்டிப் பழக்கமில்லை. அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் கொஞ்சம் எடுபடும். அன்றைக்கும் எடுபட்டது.

கடை பூந்தமல்லியில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருந்த சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. மிக்சி, ஆம்பிளிஃபயர், பழைய ரெக்கார்டு பிளேயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்போம். அந்த வருடம் நடுவில் ஒரு ஜூக்பாக்ஸும், பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி, நின்றது. மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து அண்ணன் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கி வந்திருந்தான். ஆவடியில் காபிக் கடை திறக்கப்போகும் ஒருவர், பழைய காலத்துச் சாமானாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த நாற்பதாயிரம் வங்கிப் பணமில்லை, அண்ணி நகையை அடகு வைத்த பணம்.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே இசைத்தட்டுகள் புத்தகம் அடுக்கினதுபோல் நெட்டாக நிற்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு வண்டி தண்டவாளத்தில் நகர்ந்து, கேட்ட தட்டுக்கு எதிரே நிற்கும். ஒரு கை நீண்டு அந்தத் தட்டை எடுத்து, சாய்த்து, சுழலும் மேடையில் பொருத்தும். எங்களிடம் வந்தபோது இது எதுவும் அசையவில்லை. பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு பல்சக்கரமாகக் கழுவினோம். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துச் சொல்ல, அண்ணன் செய்தான். தண்டுகளுக்கு மெல்லிய ஆயில், ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. பல்சக்கரங்களுக்குப் புது கிரீஸ். ரப்பர் சக்கரத்தில் ஒன்றுமே படக்கூடாது, விரல் பிசுக்குகூட. பூஜைக்கு முந்தின நாள்தான் அது முழுப் பாட்டு ஒன்றைத் தடங்கல் இல்லாமல் பாடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அம்மா முதலில் கல்லாப்பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். குங்குமம் கொஞ்சம் கீழே சிந்தியது. பிறகு ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், டிரில் மெஷின். போகப் போகச் சிந்துவது நின்றுவிட்டது. நான் பூசணிக்காய் வாங்கப் போய்த் திரும்பியபோது ஜூக்பாக்ஸின் மூடி திறந்திருந்தது.

"உள்ள கீறதுக்கும் வச்சியா?"

"வேல செய்யறது அதுங்கதானேடா. வெளிய கண்ணாடிக்கு மட்டும் வச்சா அதுங்க இன்னா நெனைக்கும்?"

ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். தண்டவாளத்துக்கு இரண்டு. அந்தக் கைக்கு ஒன்று. ரப்பர் சக்கரத்துக்கு நடுவில் பெரிதாக ஒன்று. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். சிமிழை இடுப்பில் வைத்துக்கொண்டு, வியர்த்து, சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்க்கவில்லை. நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

மறுநாள் நல்ல நாள் என்று காபிக் கடைக்காரர் மனைவியோடு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். அவசரமாகத் துணியால் துடைத்தோம். கண்ணுக்குத் தெரிந்தது போயிற்று. காய்ந்த சந்தனமும் குங்குமமும் கிரீஸுக்குள் இறங்கி மண்ணாகக் கலந்திருந்தது தெரியவில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். வண்டி நகர்ந்தது, திக்கியது, வேறு தட்டுக்கு எதிரே நின்றது. கை பாதி சாய்ந்து அரைத்தது. ஒருவழியாகப் பாட்டு ஆரம்பித்ததும் ரப்பர் வழுக்கி, பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் போவதுபோல் இழுத்து இழுத்து நின்றது.

"திறப்பு விழா அன்னைக்கு இப்படி ஆனா என் மானம் போயிடும் சார்," என்றார் அவர், மரியாதையாகத்தான்.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார்," என்றான் அண்ணன்.

அவர் மனைவி மெல்லச் சொன்னாள், "அதே மாதிரி புதுசே வருதுங்க. போன்லயே பாட்டு போட்டுக்கலாம்." பெட்டி வேண்டாம் என்று இருவரும் போய்விட்டார்கள்.

கார் சந்து முனை திரும்புவதற்குள் வீட்டிலிருந்து அம்மாவின் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஓடிச்சாடா?"

அண்ணன் துடைத்த துணியைக் கல்லாப்பெட்டி மேல் போட்டான். பிறகு, "சூப்பரா ஓடிச்சும்மா. வாங்கிகினாரு. நாளைக்கு வண்டி வருது," என்றான்.

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

போனை வைத்ததும் நான் கத்தினேன். "இன்னாத்துக்குண்ணா பொய் சொன்ன? கிரீஸ்ல தூள் போயிடுச்சு, அவ்ளோதானே. கழுவினா சரியாயிடும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவ, கிரீஸு, தூளுன்னு. அம்மா காதுல அது எப்டி உழும்? ‘நான் தொட்டேன், கெட்டுது’ன்னுதான் உழும். அப்புறம் அந்த சிமிழ ஜென்மத்துக்கும் தொடாது. நீயே சொல்லு, போன போடட்டுமா?"

நான் போனை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டக் கடைக்கு வருவாள். அதற்குள் பெட்டி கண்ணில் படாமல் போக வேண்டும். சேக்காட்டில் ஒரு அறையை மாதம் இரண்டாயிரத்துக்குப் பிடித்தோம். குட்டியானை வண்டிக்காரன், தூக்கியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. தார்ப்பாய் போர்த்தி ஏற்றினோம்.

அடகு நகையைப் பற்றி அம்மா கேட்டபோது, மொத்தப் பணம் தவணையில் வரும் என்று அண்ணன் அடுத்த பொய்யைச் சொன்னான். அண்ணியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள், "சரி, அத்தைகிட்ட நானும் சொல்லல," என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கழுவி, கிரீஸ் போட்டேன். ஆனால் அந்த இருட்டறைக்கு வாங்குபவர்கள் வரவில்லை. வந்த இரண்டு பேரும் இரும்பு விலைக்குக் கேட்டார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்தபின் போய் மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை. ஆயில் விட்டேன். துருவில் ஊறி மறைந்தது.

இந்தப் பக்கம் அம்மா மாறிப்போனாள். "என் கையால பொட்டு வச்சேன், மறுநாளே போயிடுச்சு," என்று தெருவெல்லாம் சொன்னாள். பேத்தி பிறந்ததும் முதல் பொட்டு அவள்தான் வைத்தாள். விசேஷ வீடுகளில் முன்வரிசைக்கு நகர்ந்தாள். ஒருத்தி முகம் சுளித்தபோது, "ஏன், என் கைக்கு இன்னாடி கொறச்சல்?" என்று கேட்டாளாம். அதை அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அண்ணன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதம்தான் நகை ஏலத்துக்குப் போயிருந்தது. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில், கடைக்கு வருமுன் பார்த்த ஃபேக்டரி வேலைக்கே போக ஆரம்பித்திருந்தான். கடையை நான் மாலையில் மட்டும் திறந்தேன்.

பத்து மாதம் வாடகை கொடுத்தபின் இரும்புக் கடைக்காரனை அழைத்தோம். அவன் சம்மட்டியால் தட்டெடுக்கும் அந்தக் கையை முதலில் உடைத்தான், உள்ளே பித்தளை இருக்கிறதா என்று பார்க்க. மூவாயிரத்து நானூறு கொடுத்தான். அண்ணன் வாசலில் நின்று போனில் கணக்குப் போட்டான். வட்டியைச் சேர்க்கவில்லை, நகையையும் சேர்க்கவில்லை. வாங்கியது, வாடகை, வண்டி, அதில் இரும்பு விலை கழித்து, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.