பதினோரு நிமிடம் நின்ற கொம்யூன் பஸ்

குழந்தைவேல் அண்ணன் பஸ் ஓட்டிய முப்பது வருடத்தில் ஒரு நாளாவது நேரத்துக்குப் பாகூர் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் நேரத்துக்குப் போயிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் வேலைக்கே போயிருக்க மாட்டோம்.

கரியமாணிக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தனியார் பஸ்காரர்கள் கூட்டம் இருக்கும் ரோட்டில்தான் ஓட்டுவார்கள். கரும்பு டிராக்டர் போகும் எங்கள் மண் ரோட்டில் அவர்களுக்கு என்ன வேலை? கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பல ஊர்களுக்கும் பொதுவான கொம்யூன் பஞ்சாயத்தே சொந்தமாக ஒரு பஸ் வாங்கியது. வாழைமரம் கட்டி, சூடம் கொளுத்தி, புறப்பட்ட முதல் நாளே அது ஏரி மதகுப் பக்கம் நின்றுபோனதாம். ஏறியவர்கள் அத்தனை பேரும் இறங்கித் தள்ளினார்களாம். அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தவர் குழந்தைவேல் அண்ணன். ஒரு பஸ் ஐந்தானது. வீட்டுக்கு வீடு ஸ்கூட்டி வந்த பிறகு ஐந்து மூன்றானது. எத்தனை இருந்தாலும் காலை எட்டேகால் பஸ் எங்களுடையது, அதை ஓட்டியவரும் அவர்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் எட்டு மணிக்கு மேல்தான். பஸ்ஸைப் பிடிப்பதா, குடத்தைப் பிடிப்பதா? அதனால் பெண்கள் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய் பஸ் நிற்கும் புளியமரத்தடியில் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடிவிடுவோம். பை இருந்தால் ஆள் வரும் என்று அர்த்தம். அண்ணன் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்பார். ஈரக்கையோடு ஓடி வந்து ஏறுவோம். எந்தப் பை யாருடையது என்பது அவருக்கு அத்துப்படி.

நான் பாகூரில் கொம்யூன் பஸ் அலுவலகத்திலேயே டைப்பிஸ்ட். அப்போது தற்காலிக வேலை. எட்டு வருடம் இழுத்தடித்த பிறகு என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒருவழியாக மேலாளரின் மேஜைக்கு வந்திருந்தது. அந்த மாதம்தான் அந்தக் கூத்து நடந்தது.

வழக்கம்போல மரத்தடியில் பையை வைத்துவிட்டுக் குடம் எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். பெரியம்மா மகன் பிரிட்டோ பைக்கில் வந்தவன், பாகூருக்குத்தான் போகிறேன், ஏறு என்றான். குடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். அலுவலகத்தில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றை நினைத்தபோதுதான் பை ஞாபகம் வந்தது.

குழந்தைவேல் அண்ணன் அந்தப் பையைப் பார்த்துப் பதினோரு நிமிடம் நின்றிருக்கிறார். ஹாரன் அடித்து, கண்டக்டரைக் குழாயடிவரை அனுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்த பஸ்ஸில் இன்டர்வியூவுக்குப் போன ஒருவர், பாகூர் தாண்டி தவளக்குப்பத்தில் ஏற வேண்டிய கடலூர் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். அவர் மேலாளருக்குப் புகார் எழுதினார். எழுதாமல் என்ன செய்வார்? அவர் பிழைப்பு போனது.

சாயங்காலம் அண்ணன் பையை என் மேஜையில் வைத்தார். டிபன் பாக்ஸ் கழுவியிருந்தது. “சோறு கெட்டுப்பூடும்னு நானும் கண்டக்டரும் துன்னுட்டோம்மா. மீன்கொழம்பு நல்லா இருந்துச்சு” என்றார்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, காரணமில்லாமல் பஸ்ஸை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு டிரைவருக்கு மெமோ அடிக்கச் சொன்னார். சரியான காரணம் இல்லையென்றால் அவரை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஷெட்டில் போட்டுவிடுவதாகவும் சொன்னார். அண்ணன் ஓய்வுபெற ஏழே மாதம் இருந்தது. முப்பது வருடம் ஓட்டியவர், கடைசி ஏழு மாதம் பஸ் கழுவ வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே பிழையில்லாமல் அடித்து முடித்தேன்.

மூன்றாம் நாள் விசாரணை. மேலாளர் கேட்பார், அண்ணன் சொல்வார், அதை அப்படியே அடித்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. பஞ்சர் என்று சொல்லிவிடு அண்ணே என்று வராந்தாவில் காதைக் கடித்தேன். பஞ்சர் என்றால் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் தலை உருளும் என்று மறுத்துவிட்டார். உள்ளே போனதும், மரத்தடியில் பை இருந்தது, அதனால் நின்றேன் என்றார். யாருடைய பை என்று மேலாளர் கேட்டார்.

“தெரியலைங்க சார்.”

நாற்பது வீட்டுப் பையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொன்னார். என் கை விசைப்பலகையில் இருந்தது. அடித்தேன். மேலாளர் படிக்கச் சொன்னார். அண்ணன் சொன்னதாக நான் அடித்ததைப் படித்தேன்.

“பை அலுவலக டைப்பிஸ்ட் ஜெயசித்ராவுடையது. அவர் அதை வைத்துவிட்டுப் பைக்கில் போய்விட்டார். அவருக்காகத்தான் நின்றேன்.”

அண்ணன் பதறிப்போனார். “நான் அப்டி சொல்லலைங்க சார். அந்தப் பொண்ணு தப்பா அடிச்சிடுச்சு.”

“தப்பா அடிக்கல சார். பை என்னுதுதான்.”

மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பையைப் பார்த்தெல்லாம் பஸ் நிற்குமா என்று கேட்டார். குழாய்க் கதையைச் சொன்னேன். அவர் டவுன்காரர், தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. இனி நின்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று சொல்லி மெமோவை ரத்து செய்தார். அலுவலக ஊழியராக இருந்துகொண்டு மூன்று நாள் மறைத்ததற்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதையும் நான்தான் அடித்தேன். என் ஃபைல் வந்த வழியே திரும்பிப்போனது. மறுபடி வர இரண்டு வருடம் ஆனது.

ஃபைல் திரும்பிய சேதி கேட்டு அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான்தான் சும்மா இருந்தேனே, அவள் எதற்கு வாயைத் திறந்தாள் என்று கண்டக்டரிடம் கத்தினாராம். ஏறும்போது என்னைப் பார்த்தால் ரோட்டைப் பார்ப்பார்.

ஏழு மாதமும் ஸ்டியரிங்கிலேயே இருந்துதான் அவர் ஓய்வுபெற்றார். ஷெட்டில் சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். மைக்கை முன்னே பின்னே பிடித்ததில்லை அவர்.

“எனக்கு மெமோ நெறைய வந்துகீது. படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். ஒரே ஒரு தபாதான் எனக்காக ஒருத்தர் பதில் எழுதினாங்க. அவங்க பேரப் போட்டு எழுதினாங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மாசம் மொகம் குடுத்துப் பேசல. இன்னா பேசறதுன்னு தெரியல, அதான்.”

கையெடுத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நன்றி சொல்ல வேண்டியவள் நான். அவர் முந்திக்கொண்டார்.