குழிக்குள் கிடந்தது யார்?

சில வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் வடக்குக் கரையோரம், யுத்தம் முடிந்தபின் இராணுவம் விடுவித்த காணி ஒன்றில் நாங்கள் தொல்லியல் அகழாய்வு செய்துகொண்டிருந்தோம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். போதாக்குறைக்கு நான் பொல்லாத பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலே குழியை விட்டு ஏறிவிடுவேன்.

எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துத் தந்தவர் அதே ஊர் அக்கா ஒருவர். நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு. அவருடைய கணவர் யுத்த காலத்தில், ஊரைவிட்டு இடம்பெயர்ந்திருந்தபோது, "வீட்டை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று இந்தப் பக்கம் சைக்கிளில் வந்தவர், திரும்பவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை, செத்தவீடும் நடக்கவில்லை. அதனால் அக்கா தாலியைக் கழற்றவில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தால், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒருநாள் காலை, முழங்கால் ஆழத்தில் மனிதக் கால் எலும்பு ஒன்று தெரிந்தது. வேறு இடமென்றால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் பழைய மட்பாண்டத் துண்டு ஒன்றுகூட இல்லை; துருப்பிடித்த தகரமும் உடைந்த போத்தல் துண்டுகளும்தான் மண்ணோடு கலந்து கிடந்தன. இது அந்தக் காலத்து எலும்பா, எங்கள் காலத்து எலும்பா? வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவித்தோம். நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை யாரும் தொடக்கூடாது.

ஊருக்குள் கதை பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாள் அவர்கள் வந்தபோது, அக்கா அடுப்பு மூட்டாமல் குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார். என்னைக் கையால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பல்லைப் பாருங்கோ. அவருக்கு மேல் முன்பல்லு ஒண்டு பாதி உடைஞ்சது. கிணத்துக்கட்டிலை விழுந்து உடைச்சவர்."

"ஓம் அக்கா, பாக்கிறன்" என்றேன்.

வைத்திய அதிகாரி சம்மதம் சொன்னதும், தலை இருக்கவேண்டிய பக்கத்தில் தூரிகையால் மண்ணை விலக்கினேன். முருகா, அந்தப் பல்லாக இருக்கக்கூடாது என்று வேண்டினேன். இருந்தால் அக்காவுக்கு ஒரு முடிவாவது கிடைக்குமே என்றும் தோன்றியது. எதை வேண்டுவதென்றே தெரியவில்லை. மெல்லத் தாடை வெளிப்பட்டது. முன்பற்கள் உடையாமல், தேய்ந்து தட்டையாக இருந்தன. தலைக்குப் பக்கத்தில் தூரிகையில் எதுவோ தட்டுப்பட்டது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு மண்சட்டி! ஆதிகாலத்தில் இறந்தவரோடு வைத்துப் புதைக்கிற சட்டி. வைத்திய அதிகாரியும் தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஓடிப்போய், "அக்கா, இது அவரில்லை. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலை பழசு. பயப்பிடாதேங்கோ" என்றேன். சந்தோஷச் செய்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னேன்.

அவர் அழவில்லை. தாலியைப் பிடித்தபடி குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைமாட்டிலை சட்டி வச்சு, வடிவாய்க் கிடத்தித் தாட்டிருக்கினம். குடுத்துவச்ச மனிசன்" என்றார். பிறகு, "சரி, உலை வைக்கப் போறன். எல்லாரும் பசியோடை நிக்கிறியள்" என்று திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ புதைகுழிகளைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சட்டியின் வயதைக் கணிக்கும் முன்னே, இதை இங்கே வைக்க யாருக்கோ வாய்த்திருக்கிறது, அந்த அக்காவுக்கு இன்னும் வாய்க்கவில்லையே என்று நெஞ்சு கனத்துப்போகிறது.