முதலில் கதவு

மேஜையின் ஒரு கால் ஆடியது. காய் நகர்த்தும்போதெல்லாம் சதுரங்கப் பலகை அதிர்ந்தது. நான் குனிந்து பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்று அறிவித்தேன். பொறியாளன் அல்லவா.

அன்று சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வெளியே ஒரு வேலை இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். நான் போட்ட காப்பியைத் தொடாமல் வைத்திருந்தார். தோற்றுவிடுவோம் என்று ஓடுகிறீர்களா என்று சீண்டினேன். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நாலா மடிச்சு வைப்பா. அளவ அப்புறம் சொல்லலாம்."

வைத்தேன். மேஜை அசையவில்லை.

அப்பா முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவு மூடினாலும் விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். பீரோவானாலும், அடுத்த வீட்டுக்காரர் காரானாலும். அம்மா அவரைக் 'கதவுக்காரர்' என்றே கூப்பிடுவாள்.

சதுரங்கத்திலும் அப்படித்தான். எப்போதும் கறுப்பு. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம். ராஜா பக்கத்துக் குதிரை வெளியே. அந்தக் குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாய் ஒரு கட்டம். அந்தச் சந்தில் பிஷப். ஐந்தாவதாக ராஜா கோட்டைக்குள். எதிராளி என்ன ஆடினாலும் இதேதான். யாராவது நேராக வெட்ட வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்பார். "கதவ மூடிட்டு மேல போ. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல."

இது கோழை ஆட்டம் என்று கணினியைச் சாட்சி வைத்து நிரூபித்தேன். பதினான்கு நகர்த்தல்கள் வரை தாக்குதல் ஆட்டம் மனப்பாடம் செய்து அலுவலகப் போட்டிக்குப் போனேன். விளையாடக் கற்று மூன்று வாரமே ஆன வரவேற்பறைப் பெண்ணிடம் பன்னிரண்டாவது நகர்த்தலில் தோற்றேன். என் ராஜா, குளித்துவிட்டுத் துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டவர்போல் நடுவில் நின்றிருந்தார். வீட்டில், நூலிழையில் போயிற்று என்றேன்.

"ராஜா உள்ள போச்சா?"

"போச்சுப்பா."

"பொய் சொல்லாத. உள்ள போயிருந்தா இன்னும் கொஞ்சம் லேட்டாத் தோத்திருப்ப."

மேஜைக்குக் காகிதம் வைத்த அந்தச் சனிக்கிழமையும் அவரே ஜெயித்தார். இன்னொன்று என்றேன். காய்களை அடுக்கினார்.

நான்காம் நாள், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடிப் படியில் அப்பாவின் இதயம் நின்றுபோனது. கருவிப்பெட்டியை மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். கூட வேலை செய்தவர் சொன்னார்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட மேஜையை நகர்த்தினேன். காகிதம் கிடந்தது. பிரித்தேன். இதயப் பரிசோதனைச் சீட்டு. அந்தச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. கீழே அவர் கையெழுத்தில் 'வெறும் வயிறு', இரண்டு அடிக்கோடுகள்.

என் மடிப்புகள் விளிம்போடு விளிம்பு பிசகாமல் இருந்தன.